இலை தின்னும் வண்டும் புற்றெடுக்கும் கறையானும்

இலங்கையின் உலர் வலயத்திலே கத்தரித் தோட்டமொன்றின் எல்லையிற் கறையான் புற்றொன்று எழுந்து நிற்பது புதுமையான காட்சியன்று. அதே தோட்டத்தில் இலைகள் அரிக்கப்பட்டு, நரம்புகள் மாத்திரம் எஞ்சிச் சல்லடைபோல் தோன்றுவதும் உண்டு. இவ்விரண்டையும் ஒருங்கே காணும் கமக்காரர் சிலர், இரண்டுக்கும் ஒரே மருந்தை நாடிக் கடைக்குச் செல்வர். இரண்டும் தாவரத்தை உண்ணும் பூச்சிகள். ஆகவே இரண்டும் பயிருக்குப் பகை. ஆகவே இரண்டையும் ஒரே வழியில் ஒழிக்கலாம் என்பது அவர்களது கணக்கு. இக்கணக்கிலே முதலாவது கூற்று மாத்திரமே முற்றும் சரியானது.

தாவரத்தை உண்பது என்பது ஒரே வகையான செயலன்று. உயிருள்ள இலையை உண்பது ஒன்று. உதிர்ந்து காய்ந்த சருகையும் பட்டுப்போன கட்டையையும் உண்பது மற்றொன்று. முன்னையதாற் பயிர் தன் உணவைத் தயாரிக்கும் உறுப்பையே இழக்கிறது. பின்னையதாற் பயிர் பெரும்பாலும் எதனையும் இழப்பதில்லை. கத்தரியிலே காணப்படும் எபிலக்னா வண்டு முதலாம் வகையைச் சேர்ந்தது. புற்றெடுக்கும் கறையான் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆயினும் சிற்சில வேளைகளில் அது வரம்பு கடந்து பயிரையும் தீண்டும். அவ்வேளைகள் எவையென அறிந்துகொண்டாற் கமக்காரருக்கு வீண்செலவு குறையும். தோட்டத்துக் கிணற்று நீருக்கும் தீங்கு நேராது.

இலையின் கீழ்ப்புறத்தில்

எபிலக்னா வண்டு ஏறக்குறைய 7 அல்லது 8 மில்லிமீற்றர் நீளமானது. முதுகு குவிந்து, அரைக்கோள வடிவாயிருக்கும். செங்கபில நிறமான சிறகுறைகளிலே கரும்புள்ளிகள் காணப்படும். 1775ஆம் ஆண்டிலே டென்மார்க்கு நாட்டுப் பூச்சியியல் அறிஞரான பப்பிரிசியசு என்பவர் இதற்குப் பெயரிட்டபோது, இருபத்தெட்டுப் புள்ளிகளையுடையது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லையே சூட்டினார். ஆனாற் புள்ளிகளின் எண்ணிக்கை எல்லா வண்டுகளிலும் ஒத்திருப்பதில்லை. சிலவற்றிற் பன்னிரண்டே காணப்படும். ஆதலாற் புள்ளிகளை எண்ணி இவ்வண்டை இனங்காண முயல்வது பயன்தராது.

இனங்காண்பதற்கு இதனினும் நல்ல வழி ஒன்று உண்டு. புள்ளி வண்டுகளின் பெருங் குடும்பத்திலே பெரும்பாலானவை கமக்காரரின் நண்பர்கள். அவை இலையைத் தொடாமல், அழுக்கணவன் முதலிய சாறுறிஞ்சும் பூச்சிகளைத் தின்று வாழ்வன. அந்நண்பர்களின் முதுகு எண்ணெய் பூசியதுபோல் வழுவழுப்பாகப் பளபளக்கும். எபிலக்னாவின் முதுகிலோ மிக நுண்ணிய மயிர்கள் அடர்ந்திருப்பதனால், அது ஒளி மங்கித் தூசி படிந்ததுபோற் காணப்படும். குடம்பிகளிலும் வேறுபாடு தெளிவானது. நல்ல வண்டின் குடம்பி கருநிறமாய், நீண்ட கால்களுடன் இலைமீது விரைந்து ஓடித் திரியும். எபிலக்னாவின் குடம்பி மஞ்சள் நிறமாய், உடல் முழுவதும் கிளைத்த முட்களுடன், இருந்த இடத்திலேயே மெல்ல மெல்ல மேய்ந்துகொண்டிருக்கும். அம்முட்கள் பார்வைக்குக் கொடியனவாயினும் கையிற் குத்துவதில்லை. புள்ளி கண்ட இடமெல்லாம் நஞ்சு தெளிப்பவர் தம் தோட்டத்துக் காவலரையே கொல்பவராவர்.

பெண்வண்டு இலையின் கீழ்ப்புறத்தில் மஞ்சள் நிற முட்டைகளை நெருக்கமாக இடும். சுருட்டு வடிவான ஒவ்வொரு முட்டையும் ஒரு முனையால் இலையோடு ஒட்டி நிமிர்ந்து நிற்கும். ஒரு கூட்டத்திற் பத்து முதல் நாற்பது முட்டைகள் வரை இருக்கலாம். வெப்பமான தாழ்நிலங்களில் இவை மூன்று முதல் ஐந்து நாட்களிற் பொரிக்கும். குடம்பிகள் இலையின் மேற்றோலை விட்டுவிட்டு, கீழ்ப்புறத்திலுள்ள பச்சைப் பகுதியைச் சுரண்டித் தின்னும். எஞ்சிய மேற்றோல் சில நாட்களுக்குக் கண்ணாடித்தாள் போலிருந்து, பின்னர் கபில நிறமாகிக் காய்ந்து உடையும். ஏறக்குறைய இரண்டு கிழமைகள் இவ்வாறு மேய்ந்தபின் குடம்பி இலையிலேயே வாற்புறத்தால் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகும். சில நாட்களில் வண்டு வெளிவரும். முட்டை முதல் வண்டு வரையுள்ள காலம் மூன்று அல்லது நான்கு கிழமைகளே. ஆகவே ஒரு போகக் கத்தரிச் செய்கையினுள் இப்பூச்சி பல தலைமுறைகளைக் காணும்.

இவ்வண்டின் வாழ்க்கையிலே கவனிக்கத்தக்க பண்பு யாதெனில், முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, வண்டு ஆகிய நான்கு நிலைகளும் ஒரே செடியின்மீது, பெரும்பாலும் கண்ணுக்கும் கைக்கும் எட்டும் இடத்திலேயே கழிவதாகும். அது மண்ணினுள் ஒளிவதில்லை. தண்டைத் துளைத்து உட்புகுவதுமில்லை. கையாற் தொட்டால் வண்டு கால்களை மடக்கிக்கொண்டு கீழே விழும். மூட்டுகளிலிருந்து மஞ்சள் நிறமான கசப்பு நீரைக் கசியவிடும். இவ்வளவே அதன் தற்காப்பு.

கத்தரி மாத்திரமன்றி, அதன் குடும்பத்தைச் சேர்ந்த தக்காளியும் உருளைக்கிழங்கும் இதற்கு உணவாகும். வேலியோரங்களிலே தானாக முளைக்கும் காட்டுக் கத்தரி இனங்களில் இது போகத்துக்குப் போகம் தங்கி வாழும். பாகற்கொடியிலும் எபிலக்னா இன வண்டுகள் இதேபோல் இலையை அரிப்பதைக் காணலாம்.

புற்றின் உள்ளே

இனிக் கறையானைப் பார்ப்போம். வெள்ளெறும்பு என்று இதனைச் சிலர் வழங்கினாலும் இது எறும்பினத்தைச் சேர்ந்ததன்று. இதற்கு மிக நெருங்கிய உறவு கரப்பான் பூச்சியே. இலங்கையிற் பல கறையான் இனங்கள் உள்ளன. அவற்றிற் பல புற்றெடுப்பதில்லை. தேயிலைத் தோட்டங்களில் உயிருள்ள செடியின் தண்டினுள்ளே குடைந்து வாழும் கறையான்கள் தனி இனங்கள். அவை மரத்துக்குள்ளேயே பிறந்து மரத்துக்குள்ளேயே மடிவன; அவற்றுக்குப் புற்றுமில்லை, மண்பாதையுமில்லை. அவை செய்யும் தீங்குக்கும் வயலோரப் புற்றுக்கும் யாதொரு தொடர்புமில்லை. உலர் வலயத்திலே ஆளுயரம் வரையும் அதற்கு மேலும் எழுந்து, உச்சியிற் புகைபோக்கி போன்ற வாய்களுடன் நிற்கும் புற்றுகளைக் கட்டுவது ஒடொன்டொடேர்மிசு ரெடெமன்னி என்னும் இனமாகும்.

புற்றை ஒருமுறை வெட்டிப் பார்த்தவருக்கு அதனுள் மண்ணைக்காட்டிலும் வெற்றிடமே மிகுதி என்பது தெரிந்திருக்கும். நடுவிலே தடித்த சுவருடைய அறையொன்றில் அரசனும் அரசியும் அடைபட்டிருக்கும். முட்டைகளாற் பருத்த அரசி அசைய முடியாத நிலையில், நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். இவ்வறையைச் சூழ வேறு பல அறைகள் உள்ளன. அவற்றில் ஒவ்வொன்றிலும் கபில நிறமான, கடற்பஞ்சு போன்ற பொருளொன்று காணப்படும். கையில் எடுத்தால் நொறுங்கும். உற்று நோக்கினால் அதன்மேல் குண்டூசித் தலையளவான வெண்ணிற மணிகள் முளைத்திருப்பதைக் காணலாம். இதுவே கறையானின் தோட்டம். அவ்வெண்மணிகள் ஒரு வகைப் பங்கசுவின் பகுதிகள்.

வேலைக்காரக் கறையான்கள் இரவிலும், பகலில் மண்ணால் மூடிய பாதைகளுக்கூடாகவும் வெளியே சென்று சருகு, சுள்ளி, காய்ந்த புல், மரப்பட்டை, உலர்ந்த சாணம் ஆகியவற்றைத் தின்று திரும்பும். தின்றவை அரைகுறையாகவே செரித்த நிலையிற் பங்கசு வித்திகளுடன் கலந்து இத்தோட்டத்தின்மேல் இடப்படும். பங்கசு அதன்மீது வளர்ந்து, மரத்தின் கடினமான பகுதிகளைச் சிதைத்துப் பக்குவப்படுத்தும். பின்னர் கறையான்கள் அவ்வெண்மணிகளையும், நன்கு பதமடைந்த பழைய தோட்டப் பகுதியையும் உண்ணும். வண்டு தன் உணவைத் தானே அரைத்துத் தானே செரிக்கிறது. இக்கறையானோ ஊரெல்லாம் திரட்டிய குப்பையைப் பங்கசுவின் அடுப்பில் ஏற்றிச் சமைத்தே உண்கிறது. பங்கசுவும் இக்கறையானின் புற்றன்றி வேறிடத்தில் தானாக வாழ்வதில்லை. ஒன்றின்றி மற்றொன்றில்லை.

மழைக்குப்பின் புற்றின்மேலும் அதன் அயலிலும் முளைக்கும் புற்றுக்காளான் இப்பங்கசுவின் பூவென்று கூறலாம். அக்காளானை வேருடன் தோண்டினால், அதன் தண்டு கீழே நீண்டு சென்று புற்றின் உள்ளறையிலுள்ள தோட்டத்தை அடைவதைக் காணலாம். ஊரிற் பலரும் விரும்பி உண்ணும் இக்காளான், உண்மையிற் கறையான் பயிரிட்ட மரக்கறியே.

இவ்வியப்பான வாழ்க்கையை அறிஞர் கண்டறிந்த வரலாற்றில் நம் அயலும் நம் நாடும் முதன்மையான இடம்பெறுகின்றன. தரங்கம்பாடியில் மருத்துவராய்ப் பணிபுரிந்த கேனிக் என்பவர், தஞ்சைப் பகுதியிலே தாம் பார்த்த கறையான் புற்றுகளைப்பற்றி 1779ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டு, அவற்றினுள்ளே பங்கசு வளர்வதைக் குறிப்பிட்டார். பேராதனையில் அரசாங்கப் பங்கசு ஆய்வாளராயிருந்த பெற்ச்சு என்பவர் 1906ஆம் ஆண்டில் இலங்கைப் புற்றுகளின் பங்கசுபற்றி விரிவாக எழுதினார். அதன்பின் செருமனிய அறிஞரான எசெரிச்சு என்பவர் இலங்கைக் கறையான்களின் வாழ்க்கைபற்றி ஒரு நூலையே 1911ஆம் ஆண்டில் வெளியிட்டார். வயலோரத்திலே கமக்காரர் மண்வெட்டியாற் சிதைத்துவிட்டுப் போகும் பொருளைத் தேடி அறிஞர் கடல் கடந்து வந்தனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வண்டு தனித்து வாழ்வது. கறையான் குடியாக வாழ்வது. இவ்வேறுபாடு கமக்காரருக்கு மிகவும் முக்கியமானது. ஒரு பெண்வண்டைக் கொன்றால் அது இடவிருந்த நூற்றுக்கணக்கான முட்டைகளும் அதனுடன் அழிகின்றன. ஆயிரம் வேலைக்காரக் கறையான்களைக் கொன்றாலும் அரசி உள்ளே முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். குடிக்கு அது பெரும் இழப்பாகாது. புற்றின் தலையை வெட்டிச் சரித்தவர், சில நாட்களில் அது மீண்டும் ஈரமண்ணால் மூடப்படுவதைக் கண்டிருப்பர்.

கறையான்மீது சுமத்தப்படும் பழி

கத்தரிச் செடியொன்று திடீரென வாடிச் சாய்கிறது. கமக்காரர் அதனைப் பிடுங்கிப் பார்க்கிறார். வேரிலே கறையான் மொய்த்திருக்கிறது. குற்றவாளி அகப்பட்டான் என்று கருதி, அவர் பாத்தி முழுவதும் நஞ்சைக் கரைத்து ஊற்றுகிறார். ஒரு கிழமை கழிந்ததும் அயலிலுள்ள செடிகளும் வாடுகின்றன. நஞ்சு போதவில்லை என எண்ணி அளவை இரட்டிக்கிறார்.

இவ்வாறான சந்தர்ப்பங்களிற் பலவற்றிற் செடியைக் கொன்றது கறையானன்று. கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றைப் பற்றும் பற்றீரியா வாடல் நோயே உண்மையான காரணமாயிருக்கலாம். நோயால் இறந்த வேர் காய்ந்த கட்டைக்கு ஒப்பானது. அதனைத் தின்னவே கறையான் வந்தது. சாவீட்டுக்கு வந்தவரைக் கொலைகாரர் எனப் பிடிப்பதுபோன்றது இது. இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. அப்போதுதான் வாடத் தொடங்கிய செடியின் அடித்தண்டைக் கூரிய கத்தியால் வெட்டி, ஒரு துண்டைத் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையிலே தொங்கவிட வேண்டும். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போன்ற வெண்ணிறக் கசிவு நூலிழையாக நீரில் இறங்குமாயின் அது பற்றீரியா வாடல் நோயே. இந்நோய்க்குக் கறையான் மருந்தால் எவ்விதப் பயனுமில்லை. நோயுற்ற செடியை மண்ணுடன் அகற்றி அழித்தலும், அப்பாத்தியில் கத்தரிக் குடும்பத்தைச் சேராத பயிர்களை மாறிச் செய்தலும், நோயுற்ற பாத்தியிலிருந்து நீர் நல்ல பாத்திக்குப் பாயாமற் பார்த்தலுமே செய்யத்தக்கவை. நோயைக் கறையான் எனக் கொண்டு தாமதித்த ஒவ்வொரு நாளும் பாத்தியில் மேலும் சில செடிகள் போய்விடும்.

மாமரத்தின் அடியிலும் தென்னையின் தண்டிலும் மண்பூச்சுப் படர்ந்திருப்பதைக் கண்டு அஞ்சுவோரும் உளர். அம்மண்ணைச் சுரண்டிவிட்டுப் பார்த்தாற் கறையான் உண்பது பெரும்பாலும் வெளிப்புறத்திலுள்ள உயிரற்ற பட்டையையே என்பது தெரியவரும். உள்ளே பசுமையான பட்டைக்குச் சேதமில்லையாயின் மரத்துக்கு ஆபத்தில்லை. வேலியிலே நாட்டிய கிளுவைக் கதியாலையும் பூவரசங் கதியாலையும் நோக்கினாலும் இவ்வுண்மை விளங்கும். வேரூன்றித் துளிர்த்த கதியாலைக் கறையான் பெரும்பாலும் விட்டுவிடும். பட்டுப்போன கதியாலைச் சில மாதங்களில் உட்கூடாக்கிவிடும்.

ஆயினும் கறையான் முற்றாகக் குற்றமற்றதென்று கூறுவதற்கில்லை. வீட்டுக் கூரையிலும் கிடுகு வேலியிலும் அது செய்யும் சேதத்தை எவரும் அறிவர். பயிரைப் பொறுத்தமட்டில் மூன்று வேளைகளில் அதனைக் கவனித்தல் வேண்டும். கடும் வரட்சியில், அயலில் உண்பதற்கு வேறெதுவும் இல்லாதபோது, அது உயிருள்ள இளஞ்செடியின் அடித்தண்டை அரிக்கும். நாற்றுமேடையிலும் புதிதாக நட்ட நிலத்திலும் தென்னம் நெற்றின் மட்டையைத் தின்னப் புகுந்து, அங்கிருந்து முளையைத் தாக்கும். நட்ட கரும்புத் துண்டங்களையும் மரவள்ளித் தடிகளையும் அவை வேர்விடுமுன் அரித்துவிடும். இம்மூன்றும் ஒரே விதியின் கீழ் அடங்கும்: உயிர் தளர்ந்திருக்கும் தாவரத்தை, அல்லது இன்னும் உயிர்பெறாத நடுகைப் பொருளையே அது நாடுகிறது. நீரும் வேரும் பெற்றுச் செழித்து நிற்கும் பயிரை அது தாக்குவது அரிது.

இங்கே கமக்காரர் சிலர் செய்யும் தவறொன்றும் உண்டு. கறையானுக்கு அஞ்சி நிலத்திலுள்ள சருகு முழுவதையும் கூட்டி எரித்துவிடுகின்றனர். குப்பையில்லா நிலத்திற் கறையானுக்கு எஞ்சும் உணவு பயிர் மாத்திரமே. மண்ணும் ஈரமிழந்து பயிர் தளர்கிறது. மறுபுறத்தில், உக்காத வைக்கோலையும் பச்சைச் சாணத்தையும் நடுகைக் குழியினுள் இட்டு மூடுவதும் தவறே. அது வேருக்கருகிற் கறையானுக்கு விருந்து வைப்பதாகும். குழிக்கு நன்கு உக்கிய எருவே ஏற்றது. சருகை நிலத்தின் மேற்பரப்பில், தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கிப் பரப்புதல் நன்று.

நஞ்சுபற்றிச் சில சொற்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னைய பல ஆண்டுகளாக, கறையானுக்கென அல்ட்ரின், டீல்ட்ரின், குளோர்டேன் முதலிய மருந்துகள் உலகெங்கும் பரிந்துரைக்கப்பட்டன. ஒருமுறை மண்ணிலிட்டாற் பல்லாண்டுகள் அழியாமல் நிற்கும் என்பதே அவற்றின் சிறப்பாகப் பேசப்பட்டது. அச்சிறப்பே பின்னர் அவற்றின் கேடாயிற்று. அழியாத நஞ்சு மண்ணிலிருந்து உயிருக்கும், உயிரிலிருந்து உயிருக்கும் ஏறிக் கொழுப்பிற் சேர்ந்து தங்கியது. 2001ஆம் ஆண்டிலே ஏற்பட்டு 2004ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சுதொக்கோம் உடன்படிக்கை இம்மருந்துகளை நீக்குவதற்கான சர்வதேச இணக்கமாகும். இலங்கையும் அதிற் சேர்ந்துள்ளது. நாட்டினுள்ளே பீடைகொல்லிகளின் இறக்குமதியும் விற்பனையும் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பதிவுக்கு உட்பட்டன. ஆகவே வீட்டின் மூலையிற் கிடக்கும் பழைய தகரத்திலுள்ள, பெயரும் அளவும் அழிந்துபோன மருந்தை எடுத்துப் புற்றினுள் ஊற்றுதல் ஒருபோதும் தகாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு இவ்வெச்சரிக்கை சிறப்பாகப் பொருந்தும். அங்கே நிலத்தடி சுண்ணக்கல்லாலானது. பாறையிலுள்ள வெடிப்புகளுக்கூடாக மேலே ஊற்றியது விரைவிற் கீழிறங்கும். தோட்டத்துக்கு இறைப்பதும் வீட்டில் குடிப்பதும் அந்நிலத்தடி நீரையே. புற்றோ ஆழமான துளைகளையுடையது. அதனுள் ஊற்றிய நஞ்சு அரசியை அடையுமோ அடையாதோ, கிணற்றை நோக்கி இறங்குவதற்கு வழி திறந்தே இருக்கிறது.

செய்யத்தக்கவை

எபிலக்னா வண்டுக்குக் கையே முதல் மருந்து. நாற்று நட்ட நாளிலிருந்து கிழமைக்கு இருமுறை இலைகளைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். மஞ்சள் முட்டைக் கூட்டம் காணப்பட்ட இலைப்பகுதியைக் கிள்ளி, சவர்க்கார நீருள்ள பாத்திரத்தில் இடலாம். வண்டு தொட்டவுடன் விழும் இயல்புடையதாதலின், அப்பாத்திரத்தை இலைக்குக் கீழே பிடித்துக்கொண்டு செடியைத் தட்டினால் அது தானே நீரில் விழும். காலை வேளையில், வண்டுகள் மந்தமாயிருக்கும்போது, இவ்வேலை எளிது. வீட்டுத் தோட்டமாயிற் சிறுவர்களும் இதனைச் செய்வர். முதல் மூன்று கிழமைகளில் இவ்வாறு செய்தால் அடுத்த தலைமுறை பெருகுவதற்கு இடமிராது. இளநாற்றிற் சில இலைகள் போனாலும் செடி பின்தங்கும். காய்க்கத் தொடங்கிய செழுமையான செடியிற் சில இலைகள் அரிக்கப்படுவதனால் விளைச்சல் குறையுமென அஞ்ச வேண்டியதில்லை. ஆகவே முழுக் கவனமும் நாற்றுப் பருவத்துக்கே உரியது.

இலையில் ஒட்டியவாறு கருத்துப் பருத்து அசைவற்றிருக்கும் குடம்பிகளை நசுக்கலாகாது. அவற்றினுள்ளே சின்னஞ்சிறு குளவியொன்றின் புழுக்கள் வளர்கின்றன. ஒரு குடம்பியிலிருந்து பல குளவிகள் வெளிவந்து வேறு குடம்பிகளைத் தேடிச் செல்லும். இக்குளவியினத்தின் பயனை அறிந்த அமெரிக்கர், தம் நாட்டிலே போஞ்சியைத் தின்னும் எபிலக்னா இன வண்டை அடக்குவதற்காக 1960களில் அதனை இந்தியாவிலிருந்து வருவித்தனர். இங்கு விலையின்றிக் கிடைப்பதை நஞ்சு தெளித்துக் கொல்வதில் அர்த்தமில்லை.

பூச்சி மிகுந்துவிட்டால், வேப்பம் விதைப் பருப்பை இடித்து, 1 லீற்றர் நீருக்கு 50 கிராம் வீதம் ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெயிலில் இதன் வீரியம் கெடும். இலையின் மேற்புறத்தில் மாத்திரம் தெளித்தால் வேலை வீணாகும். கீழ்ப்புறம் நனைய வேண்டும். அறுவடை முடிந்த கத்தரியைத் தோட்டத்தில் நிற்கவிடாது அகற்றி, வேலியோரத்துக் காட்டுக் கத்தரியையும் களைதல் அவசியம்.

கறையான் புற்று தோட்டத்தின் எல்லையில், பயிருக்குத் தீங்கின்றி நிற்குமாயின் அதனை விட்டுவிடுவதே நன்று. அதன் துளைகள் மண்ணுக்குள் மழைநீர் இறங்க உதவுகின்றன. அது தின்னும் சருகு மண்ணுக்கே திரும்புகிறது. புற்றுமண் களிமண் மிகுந்தது. திண்ணை மெழுகவும் மண்சுவர் எழுப்பவும் களம் பூசவும் தொன்றுதொட்டு அதனை எடுத்துவந்தனர். குடி விட்டுப்போன பழைய புற்றிலிருந்து அம்மண்ணை எடுப்பதில் தடையில்லை. ஆனாற் பாம்பு இருக்கலாம் என்பதை மறத்தலாகாது. கறையான் கட்டிய வீட்டிற் பாம்பு குடிபுகுவது பழமொழியில் மாத்திரம் நடப்பதன்று. நாகதம்பிரானுக்கு உரியதென ஊரார் வழிபடும் புற்றுகளைத் தொடாதிருப்பதனாற் பயிருக்கு எவ்விதக் குறையும் நேரப்போவதில்லை.

தென்னங்கன்றோ மாங்கன்றோ நட்டவர், நட்ட முதல் இரண்டு வரண்ட காலங்களிலும் கன்றின் அடியைப் பத்து நாட்களுக்கொருமுறை பார்த்தல் வேண்டும். தண்டில் மண்பூச்சு ஏறத் தொடங்கியிருந்தால், அதனைக் கையாற் தட்டிவிட்டு, அடியில் நீர் ஊற்றி, வரும் மண்பாதை எத்திசையிலிருந்து வருகிறதென்று தேடி அதனைக் கொத்திக் குலைக்கலாம். வேலைக்காரக் கறையானின் மென்மையான உடல் வெயிலையும் காற்றையும் தாங்காது. ஆகவே பாதை குலைந்தால் அவ்விடத்து வேலை தடைப்படும். மீண்டும் பாதை எழுந்தால் மீண்டும் குலைக்க வேண்டும். கன்று வேரூன்றிப் புதுக்குருத்து விடும்வரை இவ்வேலை தொடரும். அதன்பின்னும் தண்டின் பச்சைப் பட்டை அரிக்கப்படுவது கண்ணாற் காணப்பட்டால், மருந்தை வாங்குவதற்குமுன், அரித்த துண்டையும் சில கறையான்களையும் போத்தலொன்றில் இட்டு, அண்மையிலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுதல் வேண்டும். போத்தலில் வேலைக்காரருடன் தலை பெரிதான போர்வீரக் கறையான் இரண்டொன்றும் இருத்தல் அவசியம். இனத்தை அறிவதற்கு அவற்றின் தலையும் தாடையுமே உதவும்.